காது வெட்டிய ஆறு நாய்கள்

பாதிக் கதையிலேயே விடை தெரிந்துவிட்டது என்று துள்ளுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நானும் அப்படித் துள்ளி மூக்குடைபட்டவன்தான். இது சிரித்துக்கொண்டே விடுவிக்கிற புதிரும் இல்லை.

கொடிக்கால் தெருவில் மூன்று பேர் சேர்ந்து தெருநாய்களுக்காக ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்த்த எஸ்தர், டயர் கடை தாஜுதீன், கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்ற கோமதிநாயகம். மூவருக்கும் ஒரே சண்டை, நகராட்சியின் நாய்க் கூடத்தோடுதான். அதைப் பார்த்துவிட்டு வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. பத்து நாய் நிற்கிற கூண்டில் முப்பது நாய். தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடக்கும். செத்ததன் மேல் உயிருள்ளது படுத்திருக்கும். இவர்கள் படம் எடுத்துக் காட்டினார்கள், மனு கொடுத்தார்கள், நகராட்சி வாசலில் நான்கு நாள் உட்கார்ந்தார்கள். கடைசியில், வருகிற திங்கட்கிழமை கலெக்டரே நேரில் வந்து பார்ப்பதாக முடிவானது.

அதுவரை நாய் பிடிக்கிற வண்டி சும்மா இருக்குமா? இருக்காது. ஆனால் அந்த வண்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்ட நாய்க்கு அடையாளமாகக் காது நுனியை வெட்டியிருப்பார்கள். வெட்டிய காதைக் கண்டால் தொடமாட்டார்கள்.

கொடிக்கால் தெருவில் ஆறு நாய்களுக்கு இரண்டும் ஆகியிருக்கவில்லை. கோமதிநாயகம் மரத்துப்போக மருந்து போட்டு, அந்த ஆறின் காதையும் தானே வெட்டிவிட்டார்.

"ஊசியாவது போட்ரலாமே அண்ணாச்சி?" என்று கேட்டாள் எஸ்தர்.

"மருந்து அடுத்த மாசந்தான் வருமாம். வண்டி நாளைக்கே வந்துரும்மா."

மூவரும் கைமேல் கை வைத்துச் சத்தியம் செய்துகொண்டார்கள். கலெக்டர் வந்து போகும்வரை இதைப்பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது.

நான்கு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூட ஆட்டோவுக்காக நின்றிருந்த ஆறு வயதுத் தர்ஷினியின் கெண்டைக்காலை, ஆறில் ஒன்றான செவலை கடித்துவிட்டது. அது குரைத்துக்கூட யாரையும் பயமுறுத்தியதாக அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அம்மா செண்பகம் அலறிய அலறலில் தெருவே கூடியது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"காது வெட்டுன நாய்தான். ஊசி போட்டிருக்கும். மஞ்சள வச்சுக் கட்டு, ஒண்ணும் ஆவாது."

செண்பகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருந்தாலும் மனசு கேட்காமல் எஸ்தரிடம் திரும்பினாள். "எஸ்தரக்கா, நீங்க சொல்லுங்க. பயமில்லைல்லா?"

வெறிநோய் முற்றினால் மருந்தே கிடையாது என்று எஸ்தருக்குத் தெரியும். தண்ணீர் டம்ளரைக் கண்டாலே தொண்டை இறுகும் என்றும் தெரியும். குழந்தையின் காலில் ரத்தம் கோடாக இறங்குவதைப் பார்த்துவிட்டுக் கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினாள்.

கோமதிநாயகம் சொல்லாதே என்று கண்ணால் சாடை காட்டினார். செவலையைக் கம்பி போட்டுப் பிடித்துத் தன் கொல்லையில் கட்டினார். கடித்த நாய் பத்து நாள் நன்றாக இருந்தால் குழந்தைக்குப் பயமில்லை, மாறாக ஏதாவது தெரிந்தால் அப்போது பேசிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

தாஜுதீன் அவ்வளவு பொறுக்கவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுக் குழந்தையின் காலைக் கழுவினார். "எந்த நாய் கடிச்சாலும் ஊசி போடணும் தாயி, ஏறு வண்டில" என்று அம்மாவையும் பிள்ளையையும் பைக்கில் ஏற்றினார். புறப்படும்போது எஸ்தரின் காதோரம் குனிந்தார்.

"ஊசி போட்டாச்சுன்னா பிள்ளைக்கு ஆபத்தில்ல. சத்தியத்த மறந்துராதீங்க. ஆறு உயிரும்மா."

பைக் பெரியாஸ்பத்திரிப் பக்கம் திரும்பி மறைந்தது. குழந்தை பிழைத்துக்கொள்ளும். நாய் கட்டுக்குள் இருக்கிறது. ரகசியமும் பத்திரம். எஸ்தர் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவளோ டீக்கடை பெஞ்சில் ஏறி நின்றாள். "அந்த ஆறு காதும் பொய். நாங்கதான் வெட்டுனோம். ஒண்ணுக்குக்கூட ஊசி போடல" என்று தெரு முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

கூட்டத்திலிருந்து வசவு கிளம்பியது. ஒரு கல் அவள் தோளில் பட்டது. "பாவி, அத்தனையையும் கொன்னுட்டியே!" என்று கோமதிநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். யாரோ நகராட்சிக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள். ஒருவர் சத்தியத்தைக் காத்து நாயைக் கட்டினார். ஒருவர் சத்தியத்தையும் காத்துக் குழந்தையையும் காப்பாற்றினார். ஒருத்தி, குழந்தைக்கு ஆபத்து நீங்கிய பிறகு, சத்தியத்தை உடைத்தாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தாஜுதீன் என்றுதான் நானும் துள்ளினேன். தர்ஷினியை அவர் காப்பாற்றினார், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் காதுகள் பொய் சொன்னது தர்ஷினிக்கு மட்டுமா? தெருவில் நடந்த அத்தனை பேருக்கும் சொல்லிக்கொண்டிருந்தன. ஆகவே எஸ்தர் செய்ததுதான் சரி. அதற்கு அவள் கொடுத்த விலை கொஞ்சமில்லை. மத்தியானம் வண்டி வந்து மற்ற ஐந்தையும் அந்தக் கூண்டுக்கே அள்ளிப்போனது, அவள் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடினாள். செவலை ஞாயிற்றுக்கிழமை, கட்டிய கொல்லையிலேயே, வாய் கோணி, எச்சில் வழியச் செத்தது. ஆனால் வெள்ளிக்கிழமை காலையிலேயே, அவள் பெஞ்சைவிட்டு இறங்குவதற்குள், கூட்டத்தின் பின்னாலிருந்து பால்காரர் சுடலைமுத்து முன்னால் வந்தார். கைலியை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். பல் பதிந்து மூன்று நாளான புண்.

"செவலதான் கடிச்சுது தாயி. காதப் பாத்துட்டுத்தான் சும்மா இருந்தேன்" என்றார்.