பனிக்குள்ளிருந்து வந்த பதில்

கருமலைக் காட்டின் அருவிக்கரையில் ஒரு பூங்குருவி வசித்தது. போன மழையில் அதன் துணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தத் துயரத்தில் பூங்குருவி ஒரு பாட்டுக் கட்டியது. விடியலில் பனி இறங்கியதும் அதைப் பாடும். நடுவில் ஓரிடத்தில் கொஞ்சம் நிறுத்தும். அது துணை பதில் சொல்ல வேண்டிய இடம். பிறகு மீதியைப் பாடி முடிக்கும்.

அதே காட்டில் ஒரு கரிச்சான் இருந்தது. யார் குரலாக இருந்தாலும் இரண்டு தடவை கேட்டால் போதும், அப்படியே பாடிவிடும். பருந்து வரும்போது மற்ற பறவைகளை எச்சரிக்க, பூங்குருவிப் பாட்டின் முதல் இரண்டு சீழ்க்கையைத் தரமுடியுமா என்று அது கேட்டது. நாலு பேர் உயிர் பிழைக்க உதவும் என்றால் தாராளமாக எடுத்துக்கொள், யாருடையது என்று மட்டும் சொல்லிவிடு என்றது பூங்குருவி.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. பறவைகள் எல்லாம் ஆலமரத்தில் கூடிய ஒரு காலையில் கரிச்சான் முழுப் பாட்டையும் பாடிவிட்டது. நடுவில் நிறுத்துவதைக்கூட விடவில்லை. கூட்டம் கிறங்கிப்போனது. யார் கட்டிய பாட்டு இது என்று மைனா கேட்டது.

"நான் கட்டினதுதான்!" என்றது கரிச்சான், கொஞ்சமும் கூசாமல்.

மறுநாள் கரிச்சான் பாடி, நடுவில் நிறுத்தியபோது, பனிக்குள்ளே தொலைவில் ஒரு சீழ்க்கை கேட்டது. எதிரொலி என்று நினைத்துக்கொண்டது. அடுத்த நாள் அது பத்து மரம் தள்ளிக் கேட்டது. அதற்கும் அடுத்த நாள் பக்கத்து மரத்தில் கேட்டது. அங்கே யாரும் இல்லை. ஒரு கிளையிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

 கரிச்சான் நேரே அருவிக்கரைக்குப் பறந்தது. பாறைமேல் பூங்குருவி இளைத்துத் துரும்பாகக் கிடந்தது, பாவம்.

"அக்கா, அந்தப் பாட்டுக்குப் பதில் சொல்றது யாரு?"

"என் வீட்டுக்காரர். வெள்ளத்துல போனப்புறமும் தினமும் என்கிட்டதான் வருவார். உன் பாட்டுன்னு நீ சொன்ன நாள்லேர்ந்து வரலை. பாட்டு யாரோடதோ அவங்களைத்தான் அவர் தேடிப் போவார்."

கரிச்சான், இதற்கு என்ன வழி என்று கேட்டது.

"எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லிடு. எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அந்த ஒரு குரல்தான், தம்பி."

சொல்லிவிடுகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டுக் கரிச்சான் ஆலமரத்துக்குப் போனது. அன்றைக்குப் பார்த்து அங்கே இரண்டு மடங்கு கூட்டம். பாடு, பாடு என்று எல்லாம் கெஞ்சின. பாராட்டு ஆசை லேசில் விடுமா? ஒரே ஒரு தடவை பாடிவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று கரிச்சான் தொடங்கியது. நடுவில் நிறுத்தியது.

பதில் அது உட்கார்ந்திருந்த கிளையிலேயே கேட்டது. பனி வந்து அந்தக் கிளையை மூடியது. பனி விலகியபோது ஈரமான கிளை மட்டும்தான் இருந்தது.

மறுநாள் விடியலில் பூங்குருவி ஆசையாகப் பாடியது. நிறுத்திக் காத்திருந்தது. பனிக்குள்ளிருந்து பதிலும் வந்தது. ஆனால் அது துணையின் குரல் இல்லை, கரிச்சானின் குரல். மீதிப் பாட்டைப் பூங்குருவி அதன்பிறகு பாடவே இல்லை.

அடுத்தவர் படைப்பைத் தன்னுடையது என்று சொல்பவர், படைத்தவரின் பெயரை மட்டும் அல்ல, எதற்காக அவர் அதைப் படைத்தாரோ அதையும் சேர்த்தே பறித்துவிடுகிறார்.