ஒரு தூண்டிலுக்கு ஒரு கூடை மண்

உம் கொட்டுறவங்களுக்குத்தான் கதை. கொட்டாம தூங்கிட்டீங்கன்னா ராஜா மரத்து மேல ஏறின எடத்துலயே கதை நின்னுபோகும், அப்புறம் அவரை எறக்கிவிட ஆள் கெடையாது, இப்பவே சொல்லிட்டேன்.

ஒரு மலையடிவாரத்துல கெளுத்திப்பட்டின்னு ஒரு ஊர் இருந்துச்சாம். அந்த ஊர்ல ராக்குன்னு ஒருத்தி இருந்தாளாம். அவளுக்குத் தூண்டில்னா உசிரு. எந்திரிச்சாலும் தூண்டில், சோறு தின்னாலும் தூண்டில், படுத்தாலும் தூண்டில். கல்யாணத்தன்னைக்குத் தாலி கட்டுற நேரத்துல, "கம்மாய்ல ஏதோ பொளக்குன்னு துள்ளிச்சே, அது கெண்டையா விராலா?"ன்னு மாப்பிள்ளை காதுல கேட்டாளாம்னா பாத்துக்கோங்க. அந்த மாப்பிள்ளையும், "விராலு மாதிரி இருக்கு"ன்னானாம். அதான் குடும்பம் ஒழுங்கா நடந்துச்சு.

அவளுக்கு ஒரு அண்ணன், கருத்தான்னு பேரு. அவன் வேட்டைக்காரன். ரெண்டு நாயும் ஒரு ஈட்டியுமா மலையேறிப் போவான், முயல் கெடைச்சா முயலு, காட்டுப்பன்னி கெடைச்சா பன்னி. ஆனா அந்த ஊர்ல ஒரு வழக்கம் இருந்துச்சு, நல்லாக் கேட்டுக்கோங்க. கம்மாய்ல யாரு ஒரு தூண்டில் போட்டாலும், மலைத்தண்ணி வர்ற வரத்து வாய்க்கால்ல எறங்கி ஒரு கூடை மண்ணு அள்ளிக் கரையில கொட்டணும். ஒரு தூண்டிலுக்கு ஒரு கூடை. மீன் மாட்டுச்சா மாட்டலையாங்கிற பேச்செல்லாம் கெடையாது. அதே மாதிரி மலையில வேட்டையாடுறவன் ஒவ்வொரு வேட்டைக்கும், மிருகங்க தண்ணி குடிக்கிற ஊத்து ஒண்ணைத் தூர் எடுத்துட்டுத்தான் எறங்கணும். ஐப்பசியில புதுத்தண்ணிக்கு மீன் சினையோட எதிர்த்து ஏறும் பாருங்க, அந்த மாசம் கம்மாய்ப் பக்கம் ஒருத்தரும் தூண்டிலைத் தூக்கக்கூடாது. குட்டியோட போற பன்னியை ஒருத்தரும் தொடக்கூடாது. யாரும் எழுதி வெக்கலை, யாரும் காவல் நிக்கலை, ஆனாலும் நடந்துக்கிட்டே இருந்துச்சு.

அந்த நாட்டுக்குப் பூவரச ராஜான்னு ஒரு ராஜா. தங்கமான மனுசன், என்ன ஒண்ணு, மனசு அவிச்ச கெழங்கு. எறும்பு செத்தா அழுவாரு, ஈ செத்தா அழுவாரு, கொசுவை அடிச்சுட்டு அதுக்கும் உக்காந்து அழுவாரு. தை மாசத்துல ஒருநாள் கம்மாய்க்கரை வழியா பல்லக்குல போறாரு, அந்த நேரம் பாத்து ராக்கு ஒரு கெண்டையை வெடுக்குன்னு தூக்குறா. அது துள்ளுதா, ராஜாவும் பல்லக்குக்குள்ளயே துள்ளினாரு.

"அடிப்பாவி மகளே! அதுக்கு வாய் வலிக்குமே!"

"வலிக்குமுங்க மகாராஜா. கொழம்புல போட்டா வலிக்காதுங்க."

ராஜாவுக்கு அழுகையான அழுகை. பக்கத்துல மந்திரி மாசிலாமணி. அவனுக்கு மீசை இங்க இருந்து அங்க வரைக்கும், தொந்தி அங்க இருந்து இங்க வரைக்கும். அவன் ராஜா கண்ணைத் துடைச்சு விட்டுக்கிட்டே சொன்னான், "மகாராஜா, இந்தக் கொலைகாரக் கூட்டத்தை வெரட்டுங்க. கம்மாயை என்கிட்ட விடுங்க, என் கொழந்தையாட்டம் பாத்துக்கிறேன்."

அப்புறம் என்ன, டம் டம் டம்முன்னு தண்டோரா. "இனிமே யாரும் தூண்டில் போடக்கூடாது! யாரும் மலையேறி வேட்டையாடக்கூடாது! யாரும் கம்மாய்க்கரையில காலை வெக்கக்கூடாது!"

கருத்தான் தூண்டில் இல்லாத தங்கச்சியைப் பாத்து, "விடு தாயி. தூண்டிலே இல்லை, அப்புறம் கூடை எதுக்கு? ஒடம்பு நோவு மிச்சம்"னு கயித்துக்கட்டில்ல மல்லாந்துட்டான். ஊரே மல்லாந்துருச்சு. ராக்குவுக்கு மட்டும் சோறு எறங்கலை. மீன் திங்காததுக்கு இல்லை. அந்த வாய்க்கால் மண்ணு மேடேறினா ஐப்பசித் தண்ணி கம்மாய்க்கு வராம கல்லாங்குத்துப் பக்கம் ஓடிப்போகும், கம்மாய் செத்துப்போகும், அதுதான் அவளுக்குக் கவலை. "தூண்டில் போடக்கூடாது, கம்மாய்க்கரையில காலை வெக்கக்கூடாதுன்னுதானே சொன்னாரு? வாய்க்கால்ல கூடையைத் தூக்கக்கூடாதுன்னு சொல்லலையே"ன்னு கூடையை எடுத்துக்கிட்டுப் போனா.

மொத நாள் வாய்க்கால் கரையில சேவகன் மறிச்சான்.

"கூடையில என்ன?"

"மண்ணு."

"மண்ணுக்குள்ள என்ன?"

"மண்ணு."

"அடியில என்ன?"

"அடியிலயும் மண்ணுதான்யா!"

அவன் கூடையைக் கவுத்து, வெரலால கிண்டிக் கிண்டி மீன் தேடினான். ஒரு நத்தைகூடக் கெடைக்கலை. மந்திரி வந்தான். "மண்ணும் மகாராஜாவோடதுதான். அள்ளின எடத்துலயே கொட்டு!" ராக்கு திருப்பிக் கொட்டிட்டு வந்தா. ரெண்டாம் நாளும் போனா, கூடையில என்ன மண்ணு, மண்ணுக்குள்ள என்ன மண்ணு, அடியில என்ன மண்ணு, திருப்பிக் கொட்டு. மூணாம் நாளும் போனா. அன்னைக்கு மந்திரி மீசையை முறுக்கிக்கிட்டு, "இன்னொரு தடவை இங்க காலை வெச்சே, கழுதை மேல ஏத்தி ஊரைச் சுத்த விட்டுருவேன்"னான்.

"அந்தக் கழுதையை இப்பவே குடுங்கய்யா, மண்ணு சொமக்க ஆகும்"னா ராக்கு.

சொல்லிட்டு ஓடியே வந்துட்டா. பின்ன, அவளுக்கும் பயம் இருக்காதா?

மாசம் போச்சு. பங்குனி, சித்திரை, வைகாசின்னு போச்சு. ராஜா ஒருநாள் கம்மாயைப் பாக்க வந்தாரு.

"ஏன் மந்திரி, கொக்கு நாரையெல்லாம் காணலையே?"

"மாமியார் வீட்டுக்குப் போயிருக்கு மகாராஜா."

"எல்லாத்துக்குமா மாமியார்?"

"ஒரே மாமியார் மகாராஜா, பெரிய குடும்பம்."

சரின்னு போயிட்டாரு. இன்னொரு நாள் வந்தாரு. "ஏன் மந்திரி, ஒரு மீனும் துள்ளலையே?"

"தூண்டில் பயம் விட்டுப்போச்சா, நிம்மதியா தூங்குது மகாராஜா. சத்தம் போடாதீங்க."

ராஜா நுனிக்கால்லயே நடந்து போனாரு. மூணாவது நாள் வந்தாரு. "ஏன் மந்திரி, தண்ணியே தெரியாம பச்சையா பாசி மூடிக்கெடக்கே?"

"பச்சைப்பட்டு போத்தியிருக்கேன் மகாராஜா. தூங்குற மீனுக்குக் குளிரக்கூடாது பாருங்க."

சிரிக்காதீங்க! அந்த ராஜா சிரிக்கலையே, "ஆகா, என்ன பாசம், என்ன பாசம்"னு மந்திரிக்கு முத்துமாலை போட்டுட்டுல்ல போனாரு!

இந்த மந்திரிப்பய என்ன பண்ணியிருந்தான் தெரியுமா? அவனுக்கு சினை வறுவல்னா நாக்கு முழ நீளம். ஐப்பசியில சினைமீன் ஏறும்போது ஒண்ணு தப்பாம அள்ளணும்னு, வாய்க்கால் வாயை அடைச்சு மூங்கில் தட்டி கட்டிட்டான். கேக்க ஆள்தான் இல்லையே. அந்தத் தட்டியில செத்தையும் சருகும் மண்ணும் சேந்து சேந்து மேடாயிருச்சு.

மலை மேல இன்னொரு கூத்து. வேட்டைக்காரங்க போகாததால ஊத்தெல்லாம் தூந்துபோச்சு. பன்னிகளுக்குத் தண்ணி இல்லை. என்ன பண்ணும்? குடும்பம் குடும்பமா கீழ எறங்கிருச்சு. சக்கரவள்ளிக் கொல்லையைத் தின்னுச்சு, கடலைக் கொல்லையைத் தின்னுச்சு, கடைசியில அரமனைத் தோட்டத்துக்குள்ளயே பூந்துருச்சு. சேவகருங்க சாளரத்துல ஏறிக்கிட்டாங்க. ராஜா மட்டும், "பாவம், பசிக்குது போல"ன்னு வெள்ளித் தட்டுல அவிச்ச கெழங்கை எடுத்துக்கிட்டு, "வா கண்ணு, வா ராசாத்தி"ன்னு பின்னாடியே போனாரு. அது அஞ்சாறு குட்டியோட போற தாய்ப்பன்னி. திரும்பிப் பாத்துச்சு. "உர்ர்"ன்னுச்சு. அப்புறம் தட்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், ராஜா ஒரே ஓட்டம். ஓடி ஓடி, வாய்க்கால் ஓரத்துல நின்ன புளியமரத்து மேல ஏறிட்டாரு. எப்படி ஏறினாருன்னு கேக்காதீங்க, அவருக்கே தெரியாது.

அன்னைக்கு ஐப்பசி பொறந்து மூணாம் நாள். விடிஞ்சதுல இருந்து மலை மேல கருக்கல். ராக்கு வாசல்ல நின்னு மோந்து பாத்தா, மழை வாசம். "அண்ணே, எந்திரி! இன்னைக்கு மலைத்தண்ணி வந்துரும். கழுதையாவது குதிரையாவது, நான் வாய்க்காலுக்குப் போறேன்!"னு கூடையைத் தூக்கிக்கிட்டு ஓடினா. கருத்தானும் ஈட்டியைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே ஓடினான். புளியமரத்தடிக்கு வந்தா, கீழ பன்னி, மேல ராஜா.

"அப்பாடா, வேட்டைக்காரா! குத்துய்யா அந்தப் பன்னியை!"

கருத்தான் கையைக் கட்டிக்கிட்டு நின்னான். "அதுக்கு வலிக்குமே மகாராஜா."

"எனக்கு இடுப்பு வலிக்குதே!"

"ஒங்க உத்தரவு, வேட்டை கூடாதுன்னு. எங்க வழக்கம், குட்டிக்காரியைத் தொடக்கூடாதுன்னு. ரெண்டும் சேந்துக்கிச்சு, நான் என்னங்க பண்ணட்டும்? பேசாம உக்காருங்க, அதுக்குத் தண்ணித் தாகம், தண்ணி கண்டா போயிரும்."

ராக்குவுக்கு அந்தக் கவலையே இல்லை. அவ மேல பாத்து, "மகாராஜா, ஏறினதுதான் ஏறினீங்க, மலைப்பக்கம் பாத்துச் சொல்லுங்க. தண்ணி வருதா?"ன்னா.

ராஜா கெளையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்தாரு. "வருது! செகப்பா, நொரை நொரையா வருது! வாய்க்கால்லயேதான் வருது! வருது... வருது... அய்யய்யோ, திரும்புது!"

"எங்க திரும்புது?"

"கல்லாங்குத்துப் பக்கம்! வாய்க்கால் வாயில மண்ணு மேடு, கொஞ்சூண்டு தண்ணிதான் கம்மாய்க்குப் போகுது. அங்க ஒரு மூங்கில் தட்டி இருக்கு. தட்டியில வலை இருக்கு. வலைகிட்ட ஒரு தொந்தி இருக்கு. தொந்திக்கு மேல முத்துமாலை... அடேய், அது என் மந்திரிடா! மீனைப் பிடிச்சு வயித்தை அமுக்கிப் பாக்குறான்! சினையெல்லாம் சட்டியில, சட்டியில வறுத்து வறுத்து வாயில போடுறான்!"

சொல்லிட்டு மரத்து மேலயே ஓன்னு அழுதாரு. "ராக்கு, கொல்றவங்கன்னு ஒங்களை வெரட்டினேன். நீங்க இருந்தவரைக்கும் இது நல்லா இருந்துச்சே, அது எப்படி?"

"நீங்க எப்பவாவது வந்து பாக்குறீங்க மகாராஜா. நான் தெனம் பாத்தேன். தண்ணி ஒரு வெரக்கடை கொறைஞ்சாலும் எனக்குத்தான் மொதல்ல தெரியும். நாளைக்கும் மீன் வேணுமே எனக்கு. அழுதது போதும், எறங்குங்க, தண்ணி போயிட்டே இருக்கு!"

நல்லவேளை, மழைத்தண்ணி பள்ளத்துல தேங்குச்சு, பன்னி குட்டிகளைக் கூட்டிக்கிட்டுக் குடிக்கப் போயிருச்சு. ராஜா தொபீர்னு குதிச்சாரு. கருத்தான் ஊருக்குள்ள ஓடி ஒரு கூவு கூவினான், கட்டில்ல மல்லாந்த சனமெல்லாம் கூடையோட ஓடி வந்துச்சு. அள்ளு அள்ளுன்னு அள்ளினாங்க. ராஜாவுக்குக் கூடை இல்லை. "அதைக் குடுங்க"ன்னு ராக்கு கிரீடத்தைக் கழட்டிக் கையில குடுத்தா. அதுல மூணு பிடி மண்ணுதான் கொள்ளுது, அதையும் அழுதுக்கிட்டே அள்ளினாரு.

மந்திரி, "மகாராஜா, மீனுக்குக் காய்ச்சலான்னு தொட்டுப் பாத்தேன்"னு ஆரம்பிச்சான். அவன் வாயை மூடுறதுக்குள்ள ராக்கு தட்டியைப் பிடுங்கிட்டா. தண்ணி ஊஊன்னு வந்துச்சு பாருங்க! தட்டி போச்சு, சட்டி போச்சு, மந்திரி வலைக்குள்ளயே சுருண்டு உருண்டு கம்மாய்க்குள்ள போயிட்டான். "ராக்கு, தூண்டிலை எடு, நான் சொல்றேன், எடு!"ன்னு ராஜா கத்தினாரு. அவ வீட்டுக்கு ஓடி எடுத்தாந்து, வீசினா, வேட்டியில மாட்டுச்சு, ஊரே சேந்து இழுத்துக் கரையில போட்டுச்சு.

"நான் பிடிச்சதுலயே இதான் பெருசு"ன்னா ராக்கு.

"சினை இருக்கான்னு பாரு. இருந்தா விட்டுரணும், ஒங்க வழக்கமாச்சே"ன்னாரு ராஜா.

கருத்தான் தொந்தியை ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்தான். "இருக்குங்க மகாராஜா. ஆனா வறுத்த சினை!"

அன்னைக்கே தீர்ப்பு ஆயிருச்சு. தூண்டில்காரங்களும் வேட்டைக்காரங்களும் எப்பவும் போல கம்மாய்க்கும் மலைக்கும் போகலாம், அவங்க வழக்கமே சட்டம். மந்திரி மாசிலாமணி தின்ன சினையில முட்டைக்கு ஒரு கூடை மண்ணு அள்ளணும்.

"மகாராஜா, ஒரு சினையில எத்தனை முட்டை இருக்கும்னு தெரியுமா?"ன்னு அலறினான் மந்திரி.

"எனக்கு எப்படித் தெரியும்? தின்னவன் நீ"ன்னாரு ராஜா.

எல்லாரும், "தூண்டிலைப் போடு ராக்கு, எத்தனை மாசமாச்சு!"ன்னாங்க. அவ போடலை. ஐப்பசியாச்சே. முழங்கால் தண்ணியில போய் நின்னா. கெண்டையும் விராலும் அவ காலை இடிச்சு இடிச்சுக்கிட்டு எதிர்த்து ஏறிப் போச்சு. காலு கூசக் கூச, சிரிச்சுக்கிட்டே அழுதா, அழுதுக்கிட்டே சிரிச்சா.

எடுத்துத் திங்கிறவங்கதான் திருப்பியும் குடுக்கணும், அதான் கதை. கம்மாய் ரொம்பிருச்சு, கதையும் ரொம்பிருச்சு. மாசிலாமணி மட்டும் இன்னும் அள்ளிக்கிட்டே இருக்கானாம்.