கை படாமல் ஒரு ரிப்பேர்

பாளையங்கோட்டை ஆவுடையப்பன் வீட்டு ஃபிரிட்ஜ் கொஞ்ச நாளாக டகடகவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் அப்பார்ட்மெண்ட் சங்கத்துக்குத் தலைவர், வீட்டிலும் தலைவர்தான். பழியைத் தூக்கி வேலைக்காரி முப்பிடாதி மேல் போட்டார்.

"கதவை அறைஞ்சு சாத்தி நீதாம்ட்டி கெடுத்தே! மெக்கானிக்கெல்லாம் வரக் கூடாது. ஃபிரிட்ஜை நகர்த்தக் கூடாது, கையும் வைக்கக் கூடாது. மத்தியானத்துக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே."

"கை வைக்காம எப்படிங்க?" என்றாள் அவர் மனைவி கோமதி.

"அது அவ பாடு" என்று பேப்பரை விரித்தார்.

முப்பிடாதி துடைப்பத்தோடு அடுக்களைக்குள் போனாள். தரையில் எறும்புச் சாரை ஒன்று ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"அம்மா, ஃபிரிட்ஜுக்குப் பின்னால ஒரே எறும்பு! மருந்தைக் கொட்டிரட்டா?"

"தாராளமா கொட்டு" என்றாள் கோமதி.

"கொட்டாதே!" என்று அலறியபடி ஓடி வந்தார் ஆவுடையப்பன். சுவர் இடுக்கில் கையை விட்டு, ஃபிரிட்ஜின் முதுகில் இடித்துக்கொண்டிருந்த தகர டப்பாவை உருவி, மார்போடு அணைத்துக்கொண்டார். டகடக அந்த நிமிஷமே நின்றுபோனது.

கோமதி டப்பாவை வாங்கித் திறந்தாள். அவர் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த அல்வா, நெய் மினுங்கப் பாதி டப்பாவுக்கு இருந்தது.

"பாத்துக்கிடுங்கய்யா" என்றாள் முப்பிடாதி. "நான் கையே வைக்கல."