சாரல்மேட்டு ஹைட்ராஞ்சியா

சாரல்மேடு என்ற மலையூரில் கணபதியப்பன், தாமோதரன், பரஞ்சோதி என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர். தோட்டச் சங்கம் ஒன்று ஆரம்பித்தார்கள். மூத்தவர் தலைவர், அடுத்தவர் செயலாளர், கடைக்குட்டி பொருளாளர். உறுப்பினராக யாரும் சேரவில்லை. ஊரில் மற்றவர்களுக்கு வேலை இருந்தது.

மலர்ப் போட்டியில் கீழ்வீட்டு ரோசலின் டீச்சரே வருஷா வருஷம் கோப்பையைத் தட்டிக்கொண்டு போவது சங்கத்துக்குப் பொறுக்கவில்லை. நர்சரிக்குப் போய், பந்து பந்தாகப் பூக்கும் குட்டை ரக ஹைட்ராஞ்சியா ஒன்றை வாங்கி வந்தார்கள். நர்சரிக்கார அம்மா பொறுமையாகத்தான் சொல்லியனுப்பினார்: காலையில் வெயில் படணும், மதியம் நிழல் வேணும், வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது, மண் புளிப்பாக இருந்தால் பூ நீலமாக வரும்.

செடியைக் காலையில் வாசலில் நட்டார்கள். மதியம் பிடுங்கிக் கொட்டகைக்குள் நட்டார்கள். மறுநாள் காலை திரும்பவும் வாசல். செடி துவண்டது. பயண அலுப்பு என்றார் தலைவர்.

அடுத்து தண்ணீர் விவகாரம். அதற்குப் பொதுக்குழுவே கூடியது.

"தண்ணி நிக்கக் கூடாதுன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார் தலைவர்.

"ஓடிக்கிட்டே இருக்கணும்ணே," என்றார் செயலாளர்.

"அப்ப குழாயை மூடாதே."

தொட்டி காலியானது. குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. சரிவில் ஓடிய தண்ணீரோடு எருவெல்லாம் டீச்சர் வீட்டுப் பாத்தியில் போய்ச் சேர, அவருடைய டாலியா கொழுத்தது.

மண்ணின் புளிப்பைப் பொருளாளர் பரிசோதித்தார். ஒரு பிடி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, புளிப்பு பத்தாது, மிளகும் தூக்கலாக இருக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். அன்றைய ரசம் முழுக்கச் செடிக்குப் போனது. சங்கம் மோர் சோறு சாப்பிட்டது.

இவ்வளவுக்கும் பிறகு செடி ஒரு பூப் பூத்தது. எலுமிச்சை அளவு, வெளிறிய ரோஸ் நிறம். இவர்களிடமிருந்து தப்பிக்க அதற்கு வேறு வழி தெரியவில்லை போலும்.

போட்டியன்று அடைமழை. கலந்துகொண்ட தோட்டங்கள் மூன்றே. ஆகவே மூன்றாம் பரிசாக ஒரு சின்னக் கோப்பை கிடைத்தது. நடுவராக வந்தவர் மனசு கேட்காமல், ஒரு கிளையை மண்ணில் புதைத்து வைத்தால் வேர் விட்டு இன்னொன்று வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செடி யாருக்கு வேண்டும்? அன்று மாலையே குழி தோண்டிக் கோப்பையைப் புதைத்தார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி இருப்பதால் இரண்டாகக் கிளைக்கும் என்று பொருளாளர் கணித்தார்.

செயலாளர் மட்டும் தலைவரைத் தனியே அழைத்து எச்சரித்தார்.

"முதல்ல டம்ளர் டம்ளராத்தான் பிஞ்சு விடும்ணே. அவசரப்பட்டுப் பறிச்சிடாதீங்க."