பென்சில் கோடு போட்ட வரிகள்

ருகையா சுவரில் செருகியிருந்த கேபிளைப் பிடுங்கினாள். மஞ்சள் விளக்கு ஒன்று இரண்டு முறை சிமிட்டி அணைந்தது.

"இருபது நிமிஷம்தான் டீச்சர்," என்றார் அருளப்பன். "அதுக்கு மேல போனா ஆறு கிளையும் போன் போட ஆரம்பிச்சிரும். ரிப்போர்ட் வரலை, ரிப்போர்ட் வரலைன்னு."

"போதும் அண்ணாச்சி."

அருளப்பனுக்கு ஐம்பத்து நான்கு வயது. அவளுக்கு முப்பத்து மூன்று. அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவர் ஸ்டோர் கீப்பர். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனதால் ஒரு வருடமாக அதையும் பார்க்கிறார். காயல்பட்டினத்திலிருந்து ருகையா சனிக்கிழமைதோறும் தூத்துக்குடிக்கு வந்து நடத்தும் கணினிப் பாதுகாப்பு வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, அவள் சொல்வதையெல்லாம் நீள நோட்டில் எழுதிக்கொள்வார். அவள் தும்மினாலும் எழுதுவார் என்று வகுப்பில் கேலி உண்டு.

போன வாரம் பக்கத்து ஊர் லேப் ஒன்றில் யாரோ வெளியிலிருந்து புகுந்து எல்லா ரிப்போர்ட்டுகளையும் பூட்டிவிட்டார்கள். கட்டிப் பரிசோதனை முடிவுக்காக ஒரு பெண் நான்கு நாட்கள் கவுண்டரில் வந்து நின்றாளாம். அதைக் கேள்விப்பட்ட அன்றே அருளப்பன் ருகையாவை அழைத்தார். வந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றார்.

சர்வர் இருந்தது பழைய எக்ஸ்ரே இருட்டறையில். உள்ளே மின்விசிறிகளின் இரைச்சல். இருவரும் சற்று உரக்கவே பேசினார்கள்.

"ரிப்போர்ட்டெல்லாம் நகல் எடுத்த காப்பு டிஸ்க் எங்கே?"

"பீரோவுல. கழட்டித்தான் வச்சிருக்கேன். மாட்டியே இருந்தா அதையும் சேர்த்துப் பூட்டிருவான்னு நீங்கதானே சொன்னீங்க."

"அதிலிருந்து திரும்ப எடுக்க முடியுதான்னு பார்த்தீங்களா?"

"மாசம் ஒருக்கா பாக்குதேன்."

"பாஸ்வேர்டெல்லாம்?"

"மாத்தியாச்சு. டாக்டர்தான் மல்லுக்கு நின்னார். மூணு தடவை வச்சு மூணு தடவையும் மறந்தார். நாலாவதா பேரன் பேரை வச்சார். அதை நான் ஒத்துக்கிடலை. ஒரு நாள் முழுக்க என்கூடப் பேசலை."

ருகையா சிரித்தாள். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேலையை விட்டுப் போனவங்க?"

அருளப்பன் விரல் மடக்கினார். "சொர்ணம் கல்யாணமாகிப் போயிட்டா. அவ கணக்கை மூடிட்டேன். வாட்ச்மேன் தங்கையா தவறிட்டார். அழுதுக்கிட்டே மூடினேன். மார்க்கெட்டிங்ல ஒரு பையன், ரெண்டே மாசம். மூடிட்டேன்."

"கிளாட்வின்?"

அருளப்பனின் விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

"யார் அண்ணாச்சி இது? வெளியிலிருந்து உள்ளே வர அனுமதி இருக்கு. எல்லாத்தையும் அழிக்கவும் அதிகாரம் இருக்கு. பாஸ்வேர்டு மாத்தி மூணு வருஷம்."

"நம்ம பையன்."

"இங்கே வேலை பார்க்கிறாரா?"

"பார்த்தான். இது பூராவும் அவன் கட்டினதுதான்." அருளப்பன் இயந்திரங்களைச் சுற்றிக் கை காட்டினார். "மாதா திருவிழா முடிஞ்ச மறுவாரம் போனான். வருஷம் ஒண்ணு ஆகப்போவுது. மஸ்கட்ல இருக்கான்."

"சொல்லிட்டுத்தானே போனார்?"

"சொன்னான். எல்லார் முன்னாலயும் வச்சு, போனா போடான்னு நானும் சொன்னேன்."

ருகையா திரையிலிருந்து திரும்பினாள். மேசையின் ஓரத்தில் ஒரு காகிதக் கட்டு இருந்தது. எடுத்தாள். யார் எப்போது உள்ளே வர முயன்றார்கள் என்று சர்வர் வரி வரியாக எழுதிவைக்கும் பதிவு. தினமும் காலையில் அதை அச்செடுத்துப் படிக்க வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே அவள் சொல்லியிருந்தாள். பதினான்கு மாணவர்களில் அதைச் செய்பவர் இவர் ஒருவர்தான். காகிதங்களில் அங்கங்கே சில வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. கோடு போட்ட வரி ஒவ்வொன்றிலும் கிளாட்வின் என்ற பெயர் இருந்தது.

"அவன்தான் கதவைத் தட்டுதான்," என்றார் அருளப்பன். "புதன்கிழமை மட்டும் ஒம்பது தடவை. பாஸ்வேர்டை மறந்திருப்பான். சின்னதுல வாய்ப்பாடும் மறப்பான்."

"உள்ளே வரலையே."

"ஒரு தடவை வந்தான்."

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தது. செப்டம்பர் பதினெட்டு, பிற்பகல் மூன்று பத்துக்கு உள்ளே வந்தது. மூன்று இருபத்திரண்டுக்கு வெளியே போனது.

"பன்னிரண்டு நிமிஷம் இருந்தான். டிஸ்க் நிறைஞ்சு எல்லாம் நிக்கிற மாதிரி ஆயிருந்துது. எனக்கு ஒண்ணும் புரியலை. நான் இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தேன் டீச்சர். வேண்டாத ஃபைலெல்லாம் ஒண்ணொண்ணா மறைஞ்சுது. கண்ணு முன்னால. வந்தான், சுத்தம் பண்ணினான், போயிட்டான். ஒரு வார்த்தை இல்லை."

"நீங்க ஏதாவது எழுதினீங்களா?"

"எதுல?"

"திரையில ஒரு வரி எழுதினா அவர் பார்த்திருப்பாரே."

"தெரியும். கீபோர்டு மேல கையும் வச்சேன்." தாளைப் பழையபடி மடித்தார். "என்ன எழுதன்னு தெரியலை."

வெளியே நடையில் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். நாற்பத்தொன்று. யாரும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள்.

ருகையா புதன்கிழமைத் தாளை அவர் முன் வைத்தாள்.

"ஒம்பது தடவைன்னு சொன்னீங்க. நேரத்தைப் படிங்க."

மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "பதினொண்ணு நாலு, ஏழாவது செகண்ட். எட்டாவது செகண்ட். ஒம்பதாவது…" நிறுத்தினார். "அவன் வேகமா டைப் அடிப்பான்."

"மேலே உள்ள வரியைப் படிங்க."

"கோடு போட்டதுக்கு மேலேயா?"

"ஆமா."

"செண்பகம்." அருளப்பன் நிமிர்ந்தார். "இது நம்ம ரிசப்ஷன் பிள்ளை பேரு."

"அதுக்கு மேலே?"

"டாக்டர் பேரு."

"கிளாட்வினுக்குக் கீழே?"

அவர் விரலை அடுத்த வரிக்கு இறக்கினார். பிறகு மெதுவாக, "அருளப்பன்," என்றார்.

"உங்க லேப் வெப்சைட்டில் பழைய ஊழியர் பட்டியல் அப்படியே இருக்கு. இதே வரிசை. ஆளுக்கு ஒம்பது தடவை. இதைச் செய்தது மனுஷன் கையே இல்லை அண்ணாச்சி. எங்கேயோ ஓடுற ஒரு மெஷின். போன வாரம் பக்கத்து ஊர்ல புகுந்ததும் இந்த மாதிரி ஒண்ணுதான்."

"எல்லாமா?"

"நீங்க கோடு போட்ட எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

அருளப்பன் காகிதக் கட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு தாளைப் புரட்டினார். இன்னொன்றை. பத்து மாதத் தாள்கள். கோடுகளுக்கு மேலேயும் கீழேயும் அதே பெயர்கள் அதே வரிசையில் நின்றன.

"தினமும் படிச்சேன் டீச்சர்," என்றார். "ஆனா அவன் பேரைத் தேடித்தான் படிச்சேன். மத்த வரியை நான் பாக்கவேயில்லை."

ருகையா விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள். அவர் தொடவில்லை.

"எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போன அன்னிக்கு வழியனுப்பு டீ நடந்தது," என்றாள் அவள். "எல்லாரும் பேசிக்கிட்டு இருக்காங்க. அவர் கையில வடையோட என் மேசைக்கு வந்தார். முதல்ல என் கணக்கை மூடும்மா, அப்புறம் வந்து கேசரி சாப்பிடுன்னார்."

"மூடினீங்களா?"

"பின்னாலயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்தார். மூடினேன்."

"அழுதீங்களா?"

"கேசரி சாப்பிடுறப்ப."

அருளப்பன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"அவருக்கு அது வேலை செஞ்ச இடம். இவனுக்கு இது…" பாதியில் விட்டார். "நாளைக்கே ஒரு நாள் நிசமாவே வாரான்னு வைங்க. தட்டிப் பாக்குதான். மூடியிருக்கு. அப்பா மூடிட்டார்னு நினைக்க மாட்டானா?"

ருகையா மேசையிலிருந்த பென்சிலை எடுத்து இரண்டாக ஒடித்தாள். ஒடிந்த முனைகளைச் சேர்த்துப் பிடித்தாள். சிராய்கள் ஒன்றுக்குள் ஒன்று பதிந்து, ஒடிந்த கோடு தெரியாமல் பொருந்தின.

"வேற எந்தப் பென்சிலை ஒடிச்சாலும் இதுக்குப் பொருந்தாது. பாஸ்வேர்டை எடுத்துட்டு இப்படி ஒரு சாவி வைக்கலாம். ஒரு பாதி வர்றவர்கிட்ட. ஒரு பாதி சர்வர்ல. மெஷின் வருஷம் பூரா தட்டினாலும் திறக்காது. அவர் வந்தா மட்டும் திறக்கும்."

அருளப்பனின் முகம் மலர்ந்தது. "இதை ஏன் டீச்சர் முதல்லயே சொல்லலை? இப்பவே பண்ணிருவோம். நானே ஒடிச்சு ஒரு பாதியை இங்க வச்சிட்டு, ஒரு பாதியை மெயில்ல அனுப்பிருதேன். ஒண்ணும் எழுதக்கூட வேண்டாம். பார்த்தாப் புரிஞ்சுக்கிடுவான்."

"கூடாது. வழியில யார் கைக்கும் அது போகலாம். ஒடிக்க வேண்டியது வர்றவர்தான். தன் பாதியை யாருக்கும் காட்டாம வச்சுக்கிட்டு, மறுபாதியை அவர்தான் நமக்கு அனுப்பணும்."

"அவன் அனுப்பணுமா?"

"ஆமா. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நீங்க இங்க வைக்கலாம்."

"அவனுக்கு எப்படித் தெரியும், அனுப்பணும்னு?"

ருகையா பென்சிலின் இரண்டு துண்டுகளையும் அவர் முன்னால் வைத்தாள்.

அருளப்பன் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பர் இருக்கு," என்றார் பிறகு. "அவங்க அம்மாகிட்ட ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பேசுவான். நான் அப்ப பீச்சுக்குப் போயிருவேன். பேசி முடிச்சிருப்பாங்கன்னு கணக்குப் பார்த்துத்தான் வீட்டுக்கு வருவேன். என்ன சாப்பிட்டான்னு சொல்லுவா. மெலிஞ்சிட்டான்னு சொல்லுவா. என்னைக் கேட்டானான்னு நான் கேக்கிறதில்லை. அவளும் சொல்லுறதில்லை."

நடையில் டோக்கன் நாற்பத்திரண்டைக் கூப்பிட்டார்கள்.

அருளப்பன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். வகுப்பில் எழுதிவைத்த நீள நோட்டைத் திறக்கவில்லை. கணக்கை மூடும் கட்டளை அவருக்கு மனப்பாடமாக இருந்தது. மூன்று பேருக்கு அடித்திருக்கிறார். பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். கடைசி விசைக்கு மேலே விரல் நின்றது. பிறகு இறங்கியது.

கணக்கு மூடியாயிற்று. திரையில் வேறொன்றும் நடக்கவில்லை. அடுத்த கட்டளைக்காக ஒரு கட்டம் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

ருகையா எழுந்து கேபிளைச் சுவரில் செருகினாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது.

"கேட்டுப் பாக்குதேன் டீச்சர்," என்றார் அருளப்பன். "கேட்டும் அவன் அனுப்பலைன்னா?"

"அனுப்பலைன்னாவது தெரியும் அண்ணாச்சி. இந்தப் பத்து மாசமா உங்களுக்கு அதுவும் தெரியாது."

அவர் போனை எடுத்து எண்ணைத் தேடினார். தேட வெகுநேரம் ஆகவில்லை. அழுத்திவிட்டுக் காதில் வைத்தார். மின்விசிறிகளின் இரைச்சலில் மணி அடிக்கிறதா என்றே தெரியவில்லை. இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டு நடைக்கு வந்தார். அறைக் கதவை இழுத்துச் சாத்தினார்.