அட்டைக்கு ஒரு கொக்கு

"அம்மா, இதைவிட நல்ல படம் இந்தக் காலேஜ்ல எவனும் எடுக்க முடியாது. மலர்க் குழுவுல அட்டைக்கு வேண்டாம்னு சொல்றானுங்க!"

மூக்கு விடைக்க வந்து நின்றான் நம்பிராஜன்.

மாணவர்களே போடும் ஆண்டுமலருக்குப் படம் எடுப்பவன் அவன். கடைசி வருஷம். அட்டையில் ஒரு படம், அடியில் தன் பேர். அது வராமல் போனால் அவன் கட்டை வேகாது.

மலருக்குப் பொறுப்பு தமிழ்த்துறை பிரமநாயகி அம்மா. அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதுவும் வாயில் சுண்டல் இல்லாத நேரமாகப் பார்த்துப் போக வேண்டும்.

படத்தை வாங்கிப் பார்த்தார். குளம். நடுவே வெள்ளையாக ஒரு கொக்கு.

"என்ன இருக்கு இதுல?"

கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டான். விடியுமுன்னே போனது, சேற்றில் நின்றது, கொக்கு பறந்து பறந்து போக்குக் காட்டியது, கொசு பிடுங்கியது, கால் மரத்துப்போனது, எல்லாம்.

"மலர் வீடு வீடாப் போகும். நீயும் கூடவே போவியா?"

"நான் எதுக்கும்மா?"

"இதையெல்லாம் சொல்ல."

அவனுக்குச் சுருக்கென்றது. "படமே பேசும்மா!" என்றான் ரோஷமாக.

"பேசட்டும். நீ பேசாத."

வராந்தா பெஞ்சின்மேல் படத்தைச் சாய்த்து வைத்தார். பக்கத்தில் அவனை நிறுத்திவிட்டு உள்ளே போனார். இடைவேளை மணி அடித்தது.

முதலில் வந்த பெண் குனிந்து பார்த்தாள். "ஐயோ, குளத்துல கேரி பேக்கைப் போட்டிருக்காங்க பாரேன்."

நம்பிராஜன் வாயைத் திறந்தான். ஜன்னலில் அம்மா தலை தெரிந்தது. மூடிக்கொண்டான்.

அடுத்து வந்தவன் உட்கார இடம் வேண்டுமென்று படத்தை ஓரமாகத் தள்ளினான். நம்பிராஜனுக்கு அழுகையே வந்துவிட்டது, சொன்னால் நம்புங்கள்.

அந்த நேரம் பார்த்துத்தானா அமலதாஸ் வரவேண்டும்? அறைத்தோழன், அன்றைக்குக் குளத்துக்கும் கூடப் போனவன்.

"மாப்ள, நானும் போன்ல ஒண்ணு எடுத்தேன். பிரிண்ட் போட்டுட்டேன்."

கொக்குக்குப் பக்கத்தில் ஒரு படத்தைச் செருகிவிட்டு ஓடியே போனான், பாவி.

அதில் ஒருவன் சேற்றில் குப்புற விழுந்து கிடந்தான். முகமே தெரியவில்லை, அவ்வளவு சேறு. ஒரு செருப்பு தனியாக மிதந்தது. இரண்டு கையை மட்டும் மேலே தூக்கியிருந்தான். கையில் கேமரா, பொட்டுத் தண்ணீர் படாமல்.

நம்பிராஜன் அதைப் பிடுங்கக் கை நீட்டினான். அதற்குள் பெஞ்சில் இருந்தவன் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏய், இங்க வந்து பாருங்கல!"

கூட்டம் கூடிவிட்டது. இடைவேளை முடிந்து மணி அடித்தும் ஒருத்தர் நகரவில்லை.

கேரி பேக் என்று சொன்ன பெண்ணும் திரும்பி வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்து இன்னொரு தரம் பார்த்தாள்.

"யாருடி இவன்? விழும்போதுகூடக் கேமராவ விடலியே! பாவம், எம்புட்டு நேரம் சேத்துல நின்னானோ. கொசு வேற பிடுங்கியிருக்கும்."

நம்பிராஜன் அவள் முகத்தையே பார்த்தான். நீட்டிய கை தானாகக் கீழே இறங்கியது.

சட்டைப்பையில் போன் அடித்தது. அச்சகத்துக்காரர். கொக்குதான் அட்டை என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான்.

"தம்பி, மத்தியானம் அட்டை ஓட்டியாகணும். கொக்குதான? அடியில ஒன் பேருதான?"

கொக்கை ஒரு தரம் பார்த்தான்.

"கொக்கு இல்லண்ணே. வேற அனுப்புறேன். படம் எடுத்தது அமலதாஸ்னு போடுங்க."

"அப்போ ஒன் பேரை எங்கடே போடுறது?"

"எங்கயும் வேண்டாம்ணே."

கூட்டம் மொத்தமும் கேட்கும்படி சொன்னான்:

"சேத்துல கிடக்கது நான்தான்."