கவுஸ் பாய் விழும் இடம்

"சார், நீங்க ஏன் க்ளோசப்பே வைக்கறதில்லை?"

இப்படிக் கேட்டபோது உதவி டைரக்டர் திரவியத்துக்கு நாற்பது வயது. கேட்கப்பட்டவர் அருமைநாயகம். குதிரையும் துப்பாக்கியும் தொப்பியுமாகத் தமிழில் கவ்பாய் படம் எடுத்தவர்.

அருமைநாயகம் கறுப்புக் கண்ணாடி வழியாகத் தேரியைப் பார்த்தார். திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேடு. அவருக்கு அதுதான் அமெரிக்கா.

"கல் பொறுக்கியாச்சா?" என்றார்.

"இன்னும் இல்லை சார்."

"போய்ப் பொறுக்கு."

அவரைப் பற்றிச் சொல்வதையெல்லாம் முழுக்க நம்ப வேண்டாம். நம்பாமலும் இருக்க வேண்டாம்.

சின்ன வயதில் டிக்கெட் எடுக்க வழியில்லாமல், டூரிங் டாக்கீஸில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து இங்கிலீஷ் குதிரைப் படங்களைப் பார்த்தார். பின்னாலிருந்து பார்த்தால் வலது இடதாகிவிடும். அவர் படத்துக் கதாநாயகர்கள் எல்லாரும் இடது கையால் சுட்டதற்கு அதுதான் காரணம். ரசிகர்கள் ஊர் ஊராக இடது கையால் சோறு தின்னப் பழகி வீட்டில் உதை வாங்கினார்கள்.

அவருடைய கதாநாயகனுக்குக் குதிரை என்றாலே தும்மல். கோடம்பாக்கத்தில் ஒரு பீப்பாயின்மேல் அவரை உட்கார வைத்து, இரண்டு பேர் வேப்பங்கிளையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஓடினார்கள். படத்தில் குதிரை பறந்தது. தும்மலையும் வீணாக்கவில்லை. துப்பாக்கிச் சத்தமாகச் சேர்த்துக்கொண்டார்.

கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு மைலுக்கு அப்பால் ஒரு குதிரை வரும். "பின்னங்கால் லாடம் ஆடுது, நிறுத்தச் சொல்லு," என்பார். போய்ப் பார்த்தால் ஆடும்.

'வானமும் மண்ணும்தான் இவர் படத்தில். நடுவே மனிதன் எறும்பாகப் போகிறான். என்ன தத்துவம்!' என்று பத்திரிகைகள் எழுதின. திரவியம்தான் அதை வாசித்துக் காட்டினான். எழுத்து என்று எது வந்தாலும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். கறுப்புக் கண்ணாடியை இருட்டிலும் கழற்ற மாட்டார். பெரிய டைரக்டர் என்றால் அப்படித்தான் என்று திரவியம் நினைத்துக்கொண்டான்.

அந்த எறும்பு மனிதன் கவுஸ் பாய். சென்னை ஐஸ்ஹவுஸ்காரர். கதாநாயகனுக்குக் குண்டடி பட்டாலும் அவர்தான் விழுவார், வில்லனுக்குப் பட்டாலும் அவர்தான் விழுவார். ஒரே படத்தில் தன்னைத் தானே துரத்தி, தானே சுட்டு, தானே செத்த மனிதர்.

அவர் விழும் இடத்தை முதலில் கொத்தி மண்ணை இளக்க வேண்டும். பிறகு உள்ளே கிடக்கும் சுக்கான் கல்லை ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும். அது திரவியத்தின் வேலை. பொறுக்கி முடித்ததும் அருமைநாயகம் வருவார். அந்த மண்ணில் தானே மல்லாந்து படுத்துப் புரளுவார். முதுகில் எதுவும் குத்தாவிட்டால்தான் கேமராவைத் தூக்கச் சொல்வார்.

விழுந்த கவுஸ் பாய் படுத்தபடியே ஒரு கையைத் தூக்கி, "டீ!" என்று கத்துவார். அது காதில் விழுந்த பிறகுதான் அருமைநாயகம் 'கட்' சொல்வார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். கவுஸ் பாய் மீனிலிருந்து முள்ளையெல்லாம் எடுத்துவிட்டு, சதையை மட்டும் அருமைநாயகத்தின் தட்டில் வைப்பார்.

"காக்கா பிடிக்கறதுக்கும் ஒரு அளவு இருக்கு பாய்," என்பான் திரவியம்.

"நீயும் புடியேன். யாரு வாணான்னது?" என்பார் கவுஸ் பாய்.

அந்த வருஷம் பொன்னுலிங்கம் என்று ஒரு தயாரிப்பாளர். சாதாரணக் கண்ணாடி போட்ட கேமராமேனைக் கண்டால்கூட, "பார்வை போன ஆளு, வேற ஆளைப் பாருங்க," என்று வீட்டுக்கு அனுப்புகிறவர். அவர் திரவியத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடுத்த படத்தை உனக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். ஆனா நீ ஒரு ஷாட் வச்சு நான் பாத்ததே இல்லையே."

திரவியம் நேரே அருமைநாயகத்திடம் போனான்.

"பதினெட்டு வருஷமாக் கல் பொறுக்கறேன் சார். உங்கப்பா என்ன வேலைன்னு பள்ளிக்கூடத்துல கேட்டதுக்கு, ரோடு போடறார்னு சொல்லியிருக்கா என் பொண்ணு."

அருமைநாயகம் சிரிக்கவில்லை.

"ஒனக்கு என்ன வேணும்?"

"ஒரே ஒரு ஷாட். கதாநாயகன் விழற கடைசி ஷாட். முகத்துல துணி கட்டியிருக்கு, ஆள் மாறினது தெரியாது. கேமராவைத் தரையில வச்சுக் கண்ணை மட்டும் க்ளோசப்ல எடுக்கணும்."

"கல்லை யாரு பொறுக்குவா?"

"லைட் ஆளுங்க யாராவது."

"அது யாராவது செய்யுத வேலை இல்லலே."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"சரி. நீ கேமராவுக்குப் போ. கல்லை நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்களா சார்?"

"ஏன், எனக்குக் கையில்லையா?"

காலை முழுக்க மண்டியிட்டு மண்ணைத் தடவித் தடவிப் பொறுக்கினார். கடைசியில் படுத்துப் புரண்டும் பார்த்தார். திரவியம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. லென்ஸில் வைத்த கண்ணை அவன் எடுக்கவே இல்லை.

கவுஸ் பாய் குதிரையோடு வந்தார். இளக்கிய மண்ணைப் பார்த்தார்.

"இன்னிக்குக் கல்லு பொறுக்குனது யாரு வாத்தியாரே?"

"நான்தான்."

கவுஸ் பாய் அவர் முகத்தையே பார்த்தார். கறுப்புக் கண்ணாடியில் அவருக்குத் தன் முகம்தான் தெரிந்திருக்கும்.

மண்ணைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தார். பத்தடி தள்ளிப் பொன்னுலிங்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கவுஸ் பாய் பாதியில் நிமிர்ந்துவிட்டார்.

"பட்த்துப் பாத்தியா?"

"பாத்தேன்."

"குத்தலியே?"

"குத்தல."

"அப்ப சரி," என்று சொல்லிக் குதிரையில் ஏறிக்கொண்டார்.

குதிரை வந்தது. துப்பாக்கி வெடித்தது. கவுஸ் பாய் விழுந்தார்.

அப்படி ஒரு விழுகையை யாரும் பார்த்ததில்லை. திரவியத்தின் லென்ஸ் முழுக்க அந்தக் கண்கள்தான்.

"அப்படியே இருங்க பாய், பிரமாதம்," என்று முணுமுணுத்தான். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

டீ என்ற சத்தத்துக்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.

குதிரைதான் முதலில் திரும்பி வந்து, அவரை மோந்து பார்த்தது.

தூக்கியபோது கவுஸ் பாயின் பிடரிக்கு அடியில் ஒரு சுக்கான் கல் கிடந்தது. அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. பக்கத்துக் கடற்கரை ஊர்ப் பள்ளிவாசல்காரர்கள் தங்கள் மையவாடியிலேயே அடக்கம் செய்ய இடம் கொடுத்தார்கள். குழி வெட்டி முடித்திருந்தது. பெட்டியெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. வெள்ளைத் துணியில் சுற்றிய உடம்பை மண்ணிலேயே கிடத்துவார்கள்.

பொன்னுலிங்கம் திரவியத்தின் காதருகே வந்தார்.

"மனசைத் தளர விட்ராதே. யூனிட்டே அந்த ஷாட்டைப் பத்தித்தான் பேசுது. படம் உனக்குத்தான்."

அருமைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்குவதைத் திரவியம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருங்க அது, உள்ள போறது?" என்று குழி வெட்டியவர் சத்தம் போட்டார்.

தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் அவர் தோளில் கை வைத்தார். "இருக்கட்டும், விடு."

அருமைநாயகம் குழியில் மல்லாந்து படுத்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டார். எழுந்து மண்டியிட்டு மண்ணைத் தடவினார்.

மேலே நின்ற எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி ஒரு சுக்கான் கல் அங்கே வெள்ளையாகக் கிடந்தது. அவர் கை அதைத் தாண்டிப் போயிற்று. திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போயிற்று.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். பதினெட்டு வருஷத்தில் திரவியம் அந்தக் கண்களைப் பார்த்ததில்லை.

"திரவியம்."

"சார்."

"கிட்டத்துல கெடக்கது எனக்குத் தெரியாதுலே," என்றார். "எறங்கி வா. கல்லைப் பொறுக்கு."